பதினேழின் மேல்கோடு

இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர், ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர், சொந்த வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்துக் காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்ட மருத்துவர் ஆறு வாரம் வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார். டிப்போவிலிருந்து பார்க்க வந்தவர்கள் டிரைவரின் காலைப் பற்றி விசாரித்ததைவிடச் சோப்பைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்கள். முழு சோப்பா, கரைந்த சோப்பா, ஹாரன் அடித்ததா இல்லையா என்று ஆளுக்கொரு கேள்வி. டிரைவரும் முதல் வாரம் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். இரண்டாவது வாரம் சிரிப்பு குறைந்தது. மூன்றாவது வாரம் சுவரில் எத்தனை விரிசல் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவைகளைக் கழுவி அடுக்குவது, மருந்துகளை அளந்து வைப்பது, உடைந்ததைக் குறித்து வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அடுத்த வாரம் வகுப்பில் செய்யப்போகிற சோதனை எதுவானாலும் சனிக்கிழமை வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிடுவாள். நாற்பது பிள்ளைகள் முன்னால் டீச்சர் அசடு வழிந்தால் அது தனக்கும் அவமானம் என்பது அவள் கட்சி.

அந்தச் சனிக்கிழமை அவள் வடிதாளைக் கத்தரித்துக் கொண்டிருந்தாள். விரல் அகலத்துக்கு நீளநீளமான துண்டுகள். ஒரு துண்டின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் நடுவில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பொட்டு வைத்தாள். கண்ணாடி டம்ளரில் அரை விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, துண்டை ஒரு குச்சியில் மாட்டித் தொங்கவிட்டாள். தாளின் நுனி தண்ணீரைத் தொட்டது. பொட்டு தண்ணீருக்கு மேலேயே நின்றது.

"என்ன பண்ற?"

"மையைப் பிரிக்கறேன். சும்மா பாருங்க, பேசாதீங்க."

டிரைவர் பேசாமல் பார்த்தார். வேறு வேலை இல்லை. ஈரம் தாளில் மெல்ல மேலே ஏறியது. கறுப்புப் பொட்டைத் தொட்டது. தொட்டதும் பொட்டு கலங்கியது. கால் மணி நேரத்தில் அந்தத் துண்டில் கறுப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. அடியில் ஊதா, அதற்கு மேலே ரோஜா நிறம், அதையும் தாண்டி மஞ்சள், எல்லாவற்றுக்கும் உச்சியில் வானத்து நீலம்.

டிரைவர் வாயைப் பிளந்துவிட்டார். "இதெல்லாம் அந்தக் கறுப்புக்குள்ளயா இருந்துச்சு?"

"பின்ன? நான் வேற எங்கருந்து கொண்டு வந்தேன்? தண்ணியோட லேசா ஓடற நிறம் மேல போயிடும். தாளைப் பிடிச்சுக்கற நிறம் கீழயே தங்கிடும்."

"எக்ஸ்பிரஸ் வண்டியும் டவுன் வண்டியும் மாதிரி."

"உங்களுக்கு எல்லாமே வண்டிதான்," என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு துண்டு குறைந்திருந்தது. டிரைவர் தாமாகவே ஒரு சோதனையில் இறங்கியிருந்தார். அவர் கோடு போட்டது பேனாவால். பொட்டோடு சேர்ந்து கோடும் கிளம்பி மேலே ஏறி, துண்டு முழுவதும் ஒரே களேபரம்.

"பென்சில்ங்க! பென்சில் கோடுதான் ஓடாம நிக்கும்!"

அடுத்த துண்டில் பொட்டையே தண்ணீருக்குள் முக்கிவிட்டார். மை தாளில் ஏறாமல் டம்ளரில் கரைந்துபோனது. அதற்கடுத்த துண்டுதான் ஒழுங்காக வந்தது. அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டிரைவரின் முகத்தில், மனைவி மூன்று வாரமாகப் பார்க்காத ஒரு களை தெரிந்தது. அதனால்தான் அவள் திங்கட்கிழமைக்கு வேண்டிய தாளை எடுத்துக்கொண்டு மிச்சக் கட்டை அவரிடமே விட்டுவிட்டாள்.

அதுதான் வினை. வீட்டில் இருந்த பேனா ஒன்று விடவில்லை. அவர் கட்டிலைச் சுற்றி வண்ணத் துண்டுகள் துணி காயப்போட்டதுபோலத் தொங்கின. ஆனால் பால்பாயிண்ட் பேனா மட்டும் பிடி கொடுக்கவில்லை. அரை நாள் வைத்தாலும் பொட்டு வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"அது எண்ணெய் மை. தண்ணிக்கெல்லாம் மசியாது," என்றாள் மனைவி. "ஸ்பிரிட்டுல வச்சுப் பாருங்க."

காலில் தோல் உரிந்த இடத்துக்குத் தடவ வாங்கிய ஸ்பிரிட் பாட்டில் அலமாரியில் இருந்தது. டிரைவர் அதை ஊற்றினார். ஆவியாகிப் போகாமல் இருக்க டம்ளருக்கு மேலே ஒரு சின்னத் தட்டை வைத்து மூடினார். பால்பாயிண்ட் மை அசைந்தது. ஒரு கறுப்புப் பேனாவில் ஊதாவும் நீலமும் வந்தன. இன்னொரு கறுப்பில் வெறும் ஊதா. கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்தவை தாளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆட்களாக நின்றன.

"காலு ஆறுதோ இல்லையோ, ஸ்பிரிட் தீர்ந்துடும்," என்றாள் மனைவி.

புதன்கிழமை மாலை ரைட்டு வந்தாள்.

ரைட்டு என்பது அவள் பெயரல்ல. டிரைவரின் வண்டியில் எட்டு வருடமாகக் கண்டக்டர். யார் என்ன சொன்னாலும் "ரைட்டு" என்றுதான் பதில் வரும். டீ குடிக்கலாமா என்றால் ரைட்டு, மழை வரும்போல என்றால் ரைட்டு. அன்று வாசலில் செருப்பைக் கழற்றியவள் ஒன்றுமே சொல்லாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று பதறினார் டிரைவர்.

அவள் சொன்ன விஷயம் இது. டிப்போவில் வாரா வாரம் டூட்டி பட்டியலை மேனேஜர் தன் கையால் எழுதி, சனிக்கிழமை மதியம் பலகையில் ஒட்டுவார். ரைட்டுவுக்குச் சனிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை இரவு வேறொரு வண்டியில் டிரிப் முடிந்து வந்துதான் பலகையைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்கு அவள் வண்டிக்கு நேராக 17 என்று இருந்தது. அதாவது மாலை ஐந்து மணி. சரி என்று நாலரைக்கே போய் நின்றாள். போனால் டிப்போவே அவளைத் திரும்பிப் பார்த்தது. வண்டி பதினோரு மணிக்குக் கிளம்ப வேண்டியதாம். டிரைவருக்குப் பதிலாக ஓட்டுகிறவர் பதினோரு மணிக்கே சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் இல்லை. டிரிப் ரத்து. நிறுத்தத்தில் காத்திருந்த ஜனங்கள் டிப்போவுக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள்.

"மேனேஜர்கிட்ட ஆபீஸ் நகல் ஒண்ணு இருக்குண்ணே. அதுல 11னுதான் போட்டிருக்கு. பதிலுக்கு ஓட்டறவரும், சனிக்கிழமை நான் பார்த்தப்ப 11தான்னு சொல்றாரு. பலகைல இருக்கற பேப்பர்ல மட்டும் 17. ரெண்டாவது ஒண்ணுக்கு மேல யாரோ கோடு இழுத்து ஏழாக்கியிருக்காங்க. நான்தான் லேட்டா வந்துட்டுத் தப்பிக்கறதுக்காகக் கோடு இழுத்தேன்னு மேனேஜர் சொல்றாரு. வெள்ளிக்கிழமை விசாரணை. நிரூபணம் ஆச்சுன்னா வண்டிலருந்து இறக்கி, ஸ்டோர் ரூம்ல உட்கார வச்சுடுவாங்க. ஜன்னல்கூட இல்லாத ரூம்ணே அது."

டிரைவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "கோபப்படாம பதில் சொல்லு. நீ போடலையே?" என்றார்.

ரைட்டு வெடுக்கென்று எழுந்தாள். "நீங்களுமாண்ணே? எட்டு வருஷம் உங்க முதுகைப் பார்த்துட்டே வேலை செஞ்சிருக்கேன்!"

"உட்காரு. நான் ஒண்ணு பண்ணப்போறேன். பண்ணினதுக்கப்புறம் உன் பேனான்னு வந்தா என்னால மறைக்க முடியாது. அதனாலதான் முன்னாடியே கேக்கறேன்."

அவள் பையைத் திறந்து, தன் பேனாவை எடுத்துக் கட்டிலில் வீசினாள். "இந்தாங்க. என்ன வேணாப் பண்ணுங்க. முதல்ல இதுலயே பண்ணுங்க."

டிப்போவில் எல்லோரும் கறுப்பு மையில்தான் எழுத வேண்டும் என்பது மேனேஜரின் சட்டம். ரைட்டுவின் பேனாவும் கறுப்பு. டிரைவர் பொட்டு வைத்து, ஸ்பிரிட்டில் நிறுத்தி, தட்டால் மூடினார். அவள் அழுகையை மறந்து குனிந்து பார்த்தாள். வெறும் ஊதா ஒன்று மட்டும் மேலே நீண்டது.

"அந்தக் கோட்டுல வேற நிறம் வந்தா நீ தப்பிச்சே," என்றார் டிரைவர்.

சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னங்க, இது எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க செய்யற சோதனை. இதை வச்சு ஒருத்தர் வேலையைத் தீர்மானிக்கறதா?"

"நீ கூட வந்தா தைரியமாத் தீர்மானிக்கலாம்."

"எனக்கு வெள்ளிக்கிழமை ஆசிட் பாட்டில் கணக்கெடுக்கணும்."

"ஆசிட் ஓடியா போயிடும்?"

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் வெள்ளிக்கிழமை அரை நாள் அனுமதி வாங்கி, ஐந்து டம்ளர், வடிதாள், ஊசி, புது ஸ்பிரிட் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பிரம்புக் கூடையில் அடுக்கியவளும் அவள்தான்.

மேனேஜர் கண்டிப்பானவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தப்பு என்று ஒன்று மனதில் பட்டுவிட்டால் அப்புறம் அசைய மாட்டார். ஊன்றுகோலில் தத்தித் தத்தி வந்த டிரைவரையும், பின்னால் கூடையோடு வந்த அவர் மனைவியையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அறையில் ரைட்டு சுவரோரமாக நின்றிருந்தாள். பக்கத்தில் தலைமை மெக்கானிக். அவரை எல்லோரும் கிரீஸ் என்று கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வண்டி ஓடும் நிலையில் இருந்தது என்று சாட்சி சொல்வதற்காக அவரை வரவழைத்திருந்தார்கள்.

"மெடிக்கல் லீவுல இருக்கற ஆளு இங்க எதுக்கு வந்தீங்க? கூடைல என்ன, சாப்பாடா?"

டிரைவர் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் முகம் சுளித்தார். "இது டிப்போவா, மருந்துக் கடையா?"

அப்போது மனைவி வாயைத் திறந்தாள். "சார், ரெண்டு எள்ளு அளவு காகிதம் போதும். கீழ்க்கோட்டுலருந்து ஒண்ணு, மேல்கோட்டுலருந்து ஒண்ணு. முதல்ல ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க. அரை மணி நேரம். ஒண்ணும் தெரியலைன்னா நாங்க கூடையை எடுத்துக்கிட்டுப் போயிடறோம்."

அவள் பேசிய விதம் மேனேஜருக்குப் பிடித்துப்போனது. ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். அவள் ஏழின் காலிலிருந்து ஒரு துணுக்கும், தலையில் படுத்திருந்த கோட்டிலிருந்து ஒரு துணுக்கும் வெட்டி, இரண்டு பாட்டில் மூடிகளில் தனித்தனியாகப் போட்டு, ஒவ்வொரு சொட்டு ஸ்பிரிட் விட்டாள். மை கசிந்து இறங்கியது. அதை ஊசி நுனியால் தொட்டு, தாளில் ஒரே இடத்தில் வைத்து, காயவிட்டு, மறுபடி தொட்டு வைத்தாள். இருபது தடவையாவது இருக்கும். ஊசி மட்டும்தான் அசைந்தது. அறையில் மற்ற யாரும் அசையவில்லை.

டிரைவர் பேனாக்களைச் சேகரித்தார். மேனேஜர் பட்டியல் எழுதுகிற மேசைப் பேனா. வருகைப் பதிவேட்டில் நூல் கட்டித் தொங்குகிற பேனா. கிரீஸ் காதில் செருகியிருந்த பேனா. ரைட்டுவின் பேனா. ஒவ்வொன்றாலும் ஒரு பொட்டு வைத்தார். மேனேஜருக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். "என்னோடதையும் போடுங்கப்பா. மேனேஜருக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயம்னு யாரும் சொல்லிடக் கூடாது." பொட்டு வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் அதே பேனாவால் பெயர் எழுதப் போனார்.

"பென்சில்!" என்று கத்திவிட்டார் டிரைவர்.

மேலதிகாரியிடம் அவர் அப்படிக் கத்தியது இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மேனேஜர் மறுபேச்சில்லாமல் பென்சிலை எடுத்துக்கொண்டார்.

துண்டுகள் டம்ளர்களுக்குள் இறங்கின. தட்டுகள் மூடின. ஈரம் ஏற ஆரம்பித்தது. ஏழு துண்டு, ஐந்து டம்ளர், அதைச் சுற்றி ஐந்து தலைகள். வெளியே வண்டிகள் உறுமிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தன. ரைட்டுவை டிரைவர் நம்பினார். ஆனாலும், பயத்தில் மனுஷர் என்னவெல்லாமோ செய்வதுண்டே? அந்த மேல்கோட்டுத் துண்டில் வெறும் ஊதா மட்டும் வந்துவிட்டால், தன் கையாலேயே அவளை ஜன்னல் இல்லாத அறைக்குள் தள்ளியதாகிவிடும். அவர் ரைட்டுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டையே பார்த்தார்.

பதினைந்து நிமிடத்தில் கீழ்க்கோட்டுத் துண்டு வாயைத் திறந்தது. ஊதா, மேலே நீலம். மேசைப் பேனாவும் அச்சு அசல் அப்படியே. "சரிதான். 11னு நான் எழுதினது இந்தப் பேனாவாலதான்," என்றார் மேனேஜர். தொங்கும் பேனாவில் சாம்பல் கலந்த நீலம் வந்தது. கிரீஸின் பேனா எருமை மாதிரி அசையாமல் கிடந்தது. ரைட்டுவின் துண்டில் அதே ஒற்றை ஊதா.

மேல்கோட்டுத் துண்டில் அடியில் ஊதா தெரிந்தது. டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஊதா அங்கேயே நிற்க, அதற்குள்ளிருந்து ரோஜா நிறம் பிரிந்து மேலே போனது. அதன் தலையில் மெல்லிய மஞ்சள் விளிம்பு ஒன்று.

"என்னோடது இல்லை!" என்றாள் ரைட்டு. நாலு நாளைக்குப் பிறகு அவள் குரல் பழையபடி வந்தது.

"அப்ப யாரோடது?" என்று குனிந்த கிரீஸ், ஐந்தாவது டம்ளரைப் பார்த்தார். பார்த்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார். ஊதா, ரோஜா, மஞ்சள் விளிம்பு. மேனேஜரின் சட்டைப் பைப் பேனா.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நிறம் மாறவில்லை. "இதே மாதிரி பேனா வேற யார்கிட்டயாவது இருக்கலாமே?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"இருக்கலாம் சார்," என்றாள் டிரைவரின் மனைவி. "மை ஒரே மாதிரின்னுதான் தாள் சொல்லும். எழுதின கை யாருதுன்னு சொல்லாது."

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் யார் பக்கம்? முழங்கையால் இடிக்கலாம் என்றால் ஊன்றுகோல் குறுக்கே நின்றது. அவள் அவரைப் பார்க்கவே இல்லை. உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிரீஸ் தலையைச் சொறிந்தார். "சார், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் உங்களுக்குப் போன் பண்ணினேனே, ஞாபகம் இருக்கா? அந்த வண்டிக்கு கியர் பாக்ஸ் இறக்கியிருக்கு, திங்கக்கிழமை மதியத்துக்கு மேலதான் ரெடியாகும்னு சொன்னேன். அப்புறம் பார்ட்டு சீக்கிரமே வந்துச்சு, காலைலயே முடிச்சுட்டோம். அதான் பதினோரு மணிக்கு வண்டி நின்னுச்சு."

மேனேஜர் அப்படியே நின்றார். அவர் உதடு மட்டும் அசைந்தது. "கத்தரிக்காய்," என்றார்.

"சார்?"

"கடைக்குப் போயிட்டு இந்த வழியாத்தான் வந்தேன். இடது கைல காய்கறிப் பை. போன்ல நீ சொன்னதும் உள்ள வந்து..." அவர் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டார். "மேசைப் பேனா என் ரூம்ல பூட்டியிருந்துச்சு. பையில இருந்த பேனாவால நான்தான் 17னு திருத்தினேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் சுத்தமா மறந்துட்டேன். ஆபீஸ் நகலையும் திருத்தலை. காலைல வண்டி ரெடியா நிக்குது, நகல்ல 11 இருக்கு, ஆளைக் காணோம்னதும் எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு."

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் புரியவில்லை. மேனேஜர் நாற்காலியைச் சுற்றி வந்து ரைட்டுவின் எதிரில் நின்றார்.

"நான்தாம்மா போட்டேன். உன்னைப் பொய் சொல்றேன்னு சொன்னேன். மன்னிச்சுக்கோ."

ரைட்டுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கிரீஸ்தான் தன் அழுக்குத் துணியை நீட்டினார். அவள் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

மேனேஜர் அதோடு விடவில்லை. நாலு பேர் முன்னால் குற்றம் சொன்னவன், நாலு பேர் பார்க்கத்தான் அதைத் திருப்பி வாங்க வேண்டும் என்றார். பட்டியலைத் திருத்தியது தானே என்றும், கண்டக்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பலகையில் தன் கையாலேயே ஒட்டினார். ஒட்டியதைச் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

அதற்குள் விஷயம் டிப்போ முழுக்கப் பரவிவிட்டது. ஷிப்ட் முடிந்த டிரைவர்கள், கண்டக்டர்கள், டயர் மாற்றுகிறவர், கேன்டீன்காரம்மா என்று ஆளாளுக்குப் பேனாவோடு வந்து நின்றார்கள். என் பேனாவில் என்ன இருக்கிறது பார், என்னுடையதைப் பார் என்று ஒரே தள்ளுமுள்ளு. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, டிரைவர் ஒவ்வொருவருக்கும் பொட்டு வைத்துக் கொடுத்தார். கேன்டீன்காரம்மாவின் பச்சைப் பேனாவில் மஞ்சளும் நீலமும் பிரிந்தபோது கைதட்டலே எழுந்தது. பாட்டிலில் இருந்த ஸ்பிரிட் கடைசிச் சொட்டுவரை தீர்ந்தபிறகுதான் கூட்டம் கலைந்தது.

வீட்டுக்குப் பேருந்திலேயே போனார்கள். ரைட்டு அவர்களை முன் சீட்டில் உட்காரவைத்து, டிரைவரின் கட்டுப் போட்ட காலுக்கு இடம் விட்டுத் தன் பையை அணையாக வைத்தாள். இத்தனை வருடத்தில் பயணியாக உட்கார்ந்து அந்தச் சாலையை அவர் பார்த்ததே இல்லை. மரங்கள் பக்கவாட்டில் போயின.

"தலையைத் தூக்கி அந்த வெள்ளை வீட்டைப் பாருங்க, மொட்டை மாடில எவ்ளோ பூ!" என்றாள் மனைவி.

டிரைவர் பூவைப் பார்க்கவில்லை. முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரின் தோளையே பார்த்தார். "வளைவுல மூணாவது கியருக்கு வரணும் அவரு. இன்னும் நாலுலயே போறாரு பாரு."

"நீங்க வாயை மூடிக்கிட்டு வந்தா அவர் நல்லாத்தான் ஓட்டுவாரு."

"உன் வாய் மட்டும் என்ன? இருக்கலாம் சார்னு அவருக்கு எடுத்துக் கொடுத்தியே, எனக்கு உயிரே போயிடுச்சு."

"உண்மையைத்தானே சொன்னேன்?"

டிரைவர், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கூடையை மடியில் வைத்திருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி பிடித்த விரல்களில் ஊதாவும் ரோஜாவும் அப்பியிருந்தன. அவர் விரலிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.